ஒன்றும் நடவாத ஒரு நாள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசியலன்று, இலக்கிய ஆராய்ச்சியுமன்று. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் தம் அன்றாட வாழ்க்கையைப்பற்றியும், வீட்டாரைப்பற்றியும், தம் நெஞ்சை விட்டு நீங்காத நாட்களைப்பற்றியும் என்ன எண்ணுகிறார்கள் என்பதே அப்பொருள். ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் நெடுங்காலம் பிள்ளைகளோடு பழகியவன் நான். ஆதலால் அவர்களை நன்கறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவ்வெண்ணம் தவறென்பதை ஒரு மாணவியின் கட்டுரைக் கொப்பி எனக்குக் கற்பித்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்குமுன் எங்கள் ஊரைப்பற்றி ஓரிரு வார்த்தை சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் கரை. மேற்கே வயல்களும் குளங்களும் காடுகளும் நிறைந்த பகுதி படுவான்கரை. ஞாயிறு படும் கரை. எழுவான்கரையில் மீனும் தென்னையும் நெசவும் வணிகமும். படுவான்கரையில் நெல்லும் தயிரும் தேனும். இரு கரைக்கும் இடையே தோணியும், ‘பாதை’ என்று நாங்கள் வழங்கும் மிதவையும் நெடுங்காலம் மக்களை ஏற்றி இறக்கின. மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், அந்தி சாய்ந்தபின் அக்கரையிற் சிக்கிக்கொண்டவனுக்குத் துறையடியே படுக்கையாகும்.

இந்த வாவிக்கு ஒரு தனிப் புகழ் உண்டு. நிலவு காலும் இரவுகளில் நீரினுள்ளிருந்து ஒருவகை இன்னொலி எழுகின்றது. மீன் பாடுகின்றது என்பர் சிலர். ஊரி என்னும் சிப்பியினம் எழுப்பும் ஓசை என்பர் வேறு சிலர். 1848ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் தெனன்ற் என்பவர் இங்கு வந்து, இரவிலே படகேறிச் சென்று, அவ்வோசையைக் கேட்டுத் தம் நூலிலே எழுதிவைத்தார். 1950களிலே அருட்தந்தை லாங் என்பவர் நீருள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இவ்விசையைப் பொருளாகக்கொண்டு ‘நீரர மகளிர்’ என்ற பாடலை இயற்றினார்.

இந்த ஓசையைக் கேட்பதற்கு எங்கள் ஊரார் கையாளும் முறை எளியது. கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் இறக்குவார்கள். அதன் மேல்முனையிற் காதை வைப்பார்கள். அப்பொழுதும் ஒருவரும் பேசலாகாது, தோணி அசையலாகாது. கரையில் நின்று கைதட்டி ஆரவாரம் செய்பவனுக்கு அது கேட்பதில்லை. என் தந்தையார் என்னை அப்படி ஒருமுறை கூட்டிச்சென்றார். அப்பொழுது எனக்கு வயது பதின்மூன்று. இசை கேட்டதோ இல்லையோ, இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், அதிகம் பேசாத என் தந்தையார் என் தலையைத் தம் கையாற் பிடித்துத் துடுப்பின்மேல் மெல்லச் சாய்த்ததும், அந்தக் கையில் வீசிய புகையிலை மணமும் இன்னும் என்னோடு இருக்கின்றன.

நேயர்களே, கதைக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எங்கள் பாடசாலையில் பத்தாம் தரத்திற்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் சில வாரம் விடுமுறையில் இருந்தார். அவ்வகுப்பை நானே பொறுப்பேற்றேன். அதிபருக்கு அறிக்கைகளும் கூட்டங்களும் போக எஞ்சும் நேரம் சிறிது. ஆயினும் கரும்பலகைக்கு முன்னே நிற்கும் மகிழ்ச்சியை எந்த நாற்காலியும் தருவதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன்: ‘என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நாள்.’ முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தார்கள்.

என்ன எழுதுவார்கள் என்பதை நான் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டேன். இப்பிள்ளைகள் போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் எங்கள் கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலையை அவர்கள் கண்டதில்லை. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23இல் மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கிய சூறாவளியை அவர்களுடைய பெற்றோரிலும் பலர் கண்டதில்லை. ஆதலால் சுற்றுலாவைப்பற்றியும், பரிசளிப்பு விழாவைப்பற்றியும், விளையாட்டுப் போட்டியைப்பற்றியும் எழுதுவார்கள் என்று எண்ணினேன். சிலர் அவ்வாறே எழுதினார்கள். நுவரெலியாவின் குளிரைப்பற்றி நான்கு கட்டுரைகள் வந்தன. நான்கிலும் ஒரே வாக்கியங்கள். அவற்றை விடுவோம். ஏனைய கட்டுரைகளே என்னை வியப்பில் ஆழ்த்தின.

ஒரு மாணவன், தகப்பனாரோடு முதன்முறை இறால் பிடிக்கச் சென்ற இரவைப்பற்றி எழுதியிருந்தான். தோணியின் முனையில் விளக்கு. தகப்பனார் வலை வீசுகிறார். மகன் தோணியைப் பிடித்திருக்கிறான். வீட்டில் ‘படி, படி’ என்பதைத் தவிர வேறொன்றும் பேசாத தகப்பனார், நடு வாவியிலே, தாம் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்ட கதையை அவனுக்குச் சொன்னாராம். ‘அண்டைக்குத்தான் அப்பா என்னோட ஒரு பெரிய ஆளோட கதைக்கிற மாதிரிக் கதைச்சார்’ என்று பேச்சு வழக்கிலேயே எழுதிவிட்டான். அடுத்த நாட் காலை அவன் வகுப்பில் உறங்கிவிட்டான். அதற்காக வெளியே நிறுத்தப்பட்டான். அந்தத் தண்டனையையும் அவன் மகிழ்ச்சியோடுதான் எழுதியிருந்தான். அவனை நிறுத்திய ஆசிரியருக்கு அவன் ஏன் உறங்கினான் என்பது தெரியாது. கேட்கவில்லை, ஆதலால் தெரியவில்லை.

மற்றொரு மாணவன் நோன்புக் கஞ்சியைப்பற்றி எழுதியிருந்தான். அவனுடைய வீடு காத்தான்குடியின் எல்லையை அடுத்தது. நோன்பு மாதத்தில், அவனுடைய தகப்பனாரோடு தொழில் செய்யும் முஸ்லிம் அன்பர் ஒருவரின் வீட்டிலிருந்து மாலைதோறும் ஒரு தூக்குச்சட்டியிற் கஞ்சி வரும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களை நாம் அறிவோம். மட்டக்களப்பிலே சியோன் தேவாலயத்தில் வழிபடச் சென்ற சிறுவர்களும் அன்று மாண்டார்கள். அந்த ஆண்டு கஞ்சி வரவில்லை. அதற்குப் பின்வந்த ஆண்டு நோய்த்தொற்றுக்காக ஊரே அடைக்கப்பட்டிருந்தது. பிறகு ஒரு மாலை, அதே தூக்குச்சட்டி மீண்டும் வாயிலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய தாயார் சட்டியைக் கழுவி, அதனுள்ளே வாழைப்பழச் சீப்பொன்றை வைத்துக் கொடுத்தனுப்பினார். ‘அந்த நாளே என்னால் மறக்க முடியாத நாள்’ என்று முடித்திருந்தான். நல்லுறவைப்பற்றி நாம் மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். ஒரு தூக்குச்சட்டி வராததையும் வந்ததையும் ஆண்டுக்கணக்கிற் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் அந்தச் சிறுவன்.

இவ்விரண்டு கட்டுரைகளுக்கும் நல்ல புள்ளி இட்டேன். மூன்றாவதொன்றிற்கு நான் இட்ட புள்ளியே இன்று என்னைப் பேசவைத்தது.

அக்கட்டுரையை எழுதியவள் அமைதியான ஒரு மாணவி. பெயரைச் சொல்லாமல் இக்கதையைச் சொல்வதற்கு அவளிடமும் அவள் வீட்டாரிடமும் இணக்கம் பெற்றிருக்கிறேன். கட்டுரை ஒரு பக்கத்திற்கும் குறைவு. அதன் சாரம் இதுதான்: அன்று சனிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா தன்னைத் திண்ணையில் இருத்தித் தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்த்தார். தம்பி உள்ளே நித்திரை. பக்கத்து வீட்டு வானொலியிற் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பகலுக்கு மணலை மீன் ஆணமும் சோறும். மழை விட்டதும் கோழிகள் முற்றத்திற்கு வந்தன. அம்மா இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார். ‘வேறொன்றும் நடக்கவில்லை’ என்பது கடைசி வாக்கியம்.

நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘கட்டுரைக்குரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. தலைப்பை விளங்கி எழுதவும்’ என்று ஓரத்தில் எழுதினேன். பத்துக்கு மூன்று புள்ளி இட்டேன்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த நாளன்று, வகுப்பாசிரியை என் அறைக்கு வந்தார். ‘சேர், அந்தப் பிள்ளையின் தாய் வெளிநாட்டில். எட்டு வருடமாகிறது. பிள்ளைக்கு ஏழு வயதாயிருக்கும்போது போனவ. அவ எழுதினது, தாய் போவதற்கு முந்தின சனிக்கிழமையைத்தான்’ என்றார்.

நேயர்களே, அந்தச் சொற்களைக் கேட்டபொழுது என் முன்னே இருந்த தேநீரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒன்றும் நடவாத அந்த நாள்தான், அந்தப் பிள்ளையின் வாழ்விலே தாய் வீட்டிலிருந்த கடைசிச் சனிக்கிழமை. அதனை அவள் கட்டுரையில் விளக்கவில்லை. ஏன் விளக்கவேண்டும்? அவளுக்கு அது தெரிந்த செய்தி. தெரியாதிருந்தது எனக்கு மாத்திரமே. எட்டு ஆண்டுகளாகக் கோழிகளையும் பின்னலையும் ஆணத்தையும் ஒன்றும் சிந்தாமற் காத்துவைத்திருந்தவளை, ‘நிகழ்ச்சி இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம், வகுப்பாசிரியையையும் அழைத்துக்கொண்டு அவளுடைய வீட்டிற்குச் சென்றேன். வளவின் முன்பக்கத்தில் ஒரு கல்வீடு எழுந்து நிற்கிறது. ஓடு போட்டாயிற்று. சுவர்களுக்குப் பூச்சில்லை, யன்னல்களுக்குக் கதவில்லை. அதன் பின்புறத்தில், தகரக் கூரையிட்ட பழைய வீட்டிலே, அம்மம்மாவும் இரு பிள்ளைகளும் தகப்பனாரும் இருக்கிறார்கள். தகப்பனார் மேசன். வெளியூர்களிற் பிறர் வீடுகளைக் கட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் தம் மகளுக்கான வீட்டில் நான்கு வரி கல் வைக்கிறார். மனைவி அனுப்பும் பணம் சீமெந்தாகிறது. கணவனின் கை அதனைச் சுவராக்குகிறது.

புதிய வீட்டில் ஏன் குடிபுகவில்லை என்று அம்மம்மாவைக் கேட்டேன். ‘அது பிள்ளைக்குக் குடுக்கிற வீடெல்லோ, சேர். தாய் வந்து பால் காய்ச்சாம நாங்க எப்பிடிப் போறது?’ என்றார்.

இவ்விடத்தில், எங்கள் பகுதியின் வழக்கத்தை அறியாத நேயர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்குரியது. திருமணத்தின்போது பெற்றோர் மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் பெண்ணின் வீட்டிற்கு வந்து வாழ்வதும், தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் வேரூன்றிய வழக்கம். குடிவழியும் தாய்வழியாகவே எண்ணப்படுகின்றது. பெண்ணுக்குத் தன் சொந்தக் கூரையின்கீழ் வாழும் உரிமையையும் மதிப்பையும் கொடுத்தது இவ்வழக்கம். அந்த வகையிற் போற்றத்தக்கது. அந்நாளில் மண்ணும் மரமும் கிடுகும் ஊரிலேயே கிடைத்தன. உறவினர் கூடி வீடெடுத்தார்கள். இன்று சீமெந்தும் கம்பியும் ஓடும் விலைக்கு வாங்கவேண்டியவை. புயலும் பேரலையும் முப்பதாண்டுப் போரும் இருந்ததையெல்லாம் கொண்டுபோயின. ஒரு ஏழைத் தாய், தன் மகளுக்கு ஒரு வீடு வைக்கவேண்டுமானால், சவூதி அரேபியாவிலோ குவைத்திலோ பிறர் வீட்டைத் துடைக்கவேண்டியவளாகிறாள். இரண்டாண்டு ஒப்பந்தம் என்று போகிறாள். அத்திவாரத்திற்கு இரண்டாண்டு, சுவருக்கு இரண்டாண்டு, கூரைக்கு இரண்டாண்டு. கடன் இருந்தால் அதற்கு வேறு இரண்டாண்டு.

சிறு பிள்ளைகளின் நன்மையைக் கருதி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை அரசாங்கம் 2013ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடி வந்தபின் 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. அவ்விதி சரியோ பிழையோ என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. போகும் தாயைக் குறைகூறுவதும் என் நோக்கமன்று. அவள் பிள்ளைக்காகத்தான் போகிறாள். ஆனால் நாம் எல்லோருமே, தாய் வேண்டியவர்கள் கைக்குழந்தைகள் மாத்திரமே என்பதுபோல நடந்துகொள்கிறோம். வளர்ந்த பிள்ளைக்குச் சோறும் தனியார் வகுப்புக் கட்டணமும் இருந்தாற் போதுமென்று நினைக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை அழுது காட்டுவதில்லை. ஆதலால் அதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிறோம்.

அன்று அந்த மாணவியிடம், ‘மகள், உன் கட்டுரையை நான் விளங்கிக்கொள்ளவில்லை. பிழை என்னுடையது’ என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு, நான் கேளாமலே சொன்னாள்: ‘அம்மா நடுவில ரெண்டு தரம் வந்தவ, சேர். ஆனா வந்திருக்கக்குள்ள விருந்துக்கு வந்த ஆக்கள் மாதிரி இருந்தா. புதுச்சட்டை எல்லாம் கொண்டுவந்தா. தலை இழுத்துவிடச் சொல்லிக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது.’

இதனைக் கேட்டு அம்மம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளாக ஒரே பாயிற் படுத்த பேத்தியின் வாயிலிருந்து அவரும் அன்றுதான் இச்சொற்களைக் கேட்டார் போலும்.

நேயர்களே, இளம் பருவத்து நினைவென்பது ஏன் இத்தகைய சிறு செய்திகளையே பற்றிக்கொள்கிறது? அறிஞர் பலர் தம் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அவற்றை எடுத்துப் பாருங்கள். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், 1940ஆம் ஆண்டிலே, ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். சங்க நூல்களை அச்சேற்றிய பெருமகனார் அவர். ஆயினும் அந்நூலை வாசிப்பவர் நெஞ்சில் முதலில் நிற்பது, பதினேழாம் வயதிலிருந்த சிறுவன் ஒருவன் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னே நடுங்கிக்கொண்டு நின்ற காட்சிதான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆசிரியரின் ஒரு பார்வையும் ஒரு சொல்லும் அவருக்கு அப்படியே நினைவிலிருந்தன.

காந்தியடிகள் தம் பதினைந்தாம் வயதிலே, தமையனாரின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைக் களவாடினார். மனச்சான்று உறுத்தியது. வாயாற் சொல்லத் துணிவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையாரின் கையிற் கொடுத்தார். தந்தையார் எழுந்திருந்து வாசித்தார்; கண்ணீர் வடித்தார்; காகிதத்தைக் கிழித்துவிட்டார்; அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்தக் கண்ணீரையே அகிம்சையின் பாடமாகப் பின்னாளில் அவர் எழுதினார். அந்தத் தந்தை, ‘எழுத்துப் பிழை’ என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்திருந்தால் என்னவாயிருக்கும்?

ஐரோப்பாவிலே ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி, தன் பதின்மூன்றாவது பிறந்தநாளில், 1942ஆம் ஆண்டு, ஒரு நாட்குறிப்பேட்டைப் பரிசாகப் பெற்றாள். நாசிகளுக்கு அஞ்சி அம்ஸ்ரடாம் நகரத்தில் ஒரு வீட்டின் பின்புறத்திலே ஈராண்டுகளுக்கு மேல் ஒளிந்திருந்தாள். வெளியே உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவளோ, உருளைக்கிழங்கு தோலுரித்ததையும், தாயோடு பிணங்கியதையும், யன்னலினூடே தெரிந்த மரத்தையும் எழுதினாள். 1945ஆம் ஆண்டு வதைமுகாமில் அவள் இறந்தாள். 1947இல் தந்தை அந்நூலை வெளியிட்டார். தாம் அறிந்திருந்த மகள் வேறு, அந்த ஏட்டிலே கண்ட மகள் வேறு என்று அத்தந்தையே பின்னர் சொல்லியிருக்கிறார். ஒரே மறைவிடத்தில் அடைபட்டிருந்த தந்தைக்கே மகளின் உள்ளம் தெரியவில்லையென்றால், காலை ஆறு மணிக்குப் பாடசாலைக்கும், மாலை ஏழு மணிவரை தனியார் வகுப்புக்கும் பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

என் கதையும் அதுதான். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியின்போது எனக்கு எட்டு வயது. காற்று எத்தனை மைல் வேகத்தில் வீசியது என்பதைப் பின்னாளிற் புத்தகத்திற் படித்தே தெரிந்துகொண்டேன். என் நினைவில் நிற்பது, மறுநாட் காலை கூரையற்ற குசினியிலே என் தாயார் ஈர விறகை ஊதி ஊதி மூட்டிய அடுப்பும், விழுந்த தென்னைகளின் இளநீரை விட்டு அவர் காய்ச்சிய கஞ்சியுமே. இளநீரிற் கஞ்சி காய்ச்சியதை அதற்குமுன் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இதனை என் தாயாரிடம் நான் சொன்னதேயில்லை. சொல்வதற்கு எத்தனையோ ஆண்டுகள் இருந்தன. இப்பொழுது அவர் இல்லை.

ஆதலால், பெற்றோராகிய நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிது. பிள்ளையிடம் ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்குமுன், ‘இன்றைக்கு என்ன கண்டாய்?’ என்று கேளுங்கள். மறுமொழி ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ வராது. வாவியின் ஓசைக்குத் தோணி அசையாமல் நிற்கவேண்டியதுபோல, நாமும் சற்றுப் பேசாமல் இருக்கப் பழகவேண்டும். பிள்ளை வாய் திறந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டால், அது மீண்டும் மூடிக்கொள்ளும்.

கடல் கடந்து உழைக்கும் தாய்மார் எவரேனும் இதனைக் கேட்பீர்களாயின், உங்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா, படித்தாயா, காசு வந்ததா’ என்ற மூன்று கேள்வியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். உங்கள் நாளைச் சொல்லுங்கள். பிள்ளையின் நாளைக் கேளுங்கள். பழைய நாளொன்றைச் சேர்ந்து நினைவுகூருங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்றுண்டு. பிள்ளையின் எழுத்தில் நமக்கு ஒன்றும் தென்படாவிட்டால், சிவப்பு மையைச் சற்று மூடிவைத்துவிட்டு, பிள்ளையை அழைத்து ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால், அந்த மாணவி ‘தலைப்பை விளங்கி எழுதவும்’ என்ற வரியை வாசிக்க நேர்ந்திராது.

இளைஞர்களே, நீங்களும் எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். பெரிய நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று வீட்டில் யார் என்ன சமைத்தார், யார் எங்கே இருந்தார், முற்றத்தில் என்ன கிடந்தது என்பதை எழுதிவையுங்கள். எழுதியதை ஒருநாள் உங்கள் வீட்டாருக்கும் காட்டுங்கள்.

அந்த மாணவி காட்டினாள். நான் புள்ளியைத் திருத்திக் கொடுத்த கொப்பியை வீட்டிற்குக் கொண்டுசென்று, அப்பக்கத்தைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துத் தாயாருக்கு அனுப்பினாள். இரண்டு நாள் மறுமொழி வரவில்லை. அவள் அஞ்சிவிட்டாள். மூன்றாம் நாள் இரவு தாயாரின் குரல் வந்தது. வேலை முடிந்தபின் மெல்லிய குரலிற் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அதனை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள்: ‘மகள், அண்டைக்கு எண்ணெய் முடிஞ்சுபோச்சு. போத்தல வெயிலில வெச்சு எடுப்பமெண்டா மழை. கடைசிச் சொட்டை உள்ளங்கையில ஊத்தித்தான் உனக்கு வெச்சன். அந்தக் கை மணத்தோடதான் நான் பிளேன் ஏறினன். நீ அதெல்லாம் மறந்திட்டாய் எண்டு நினைச்சன்.’

எண்ணெய் முடிந்துபோன செய்தி மகளுக்குத் தெரியாது. கோழிகள் முற்றத்திற்கு வந்தது தாயாருக்கு நினைவில்லை. ஒரே நாளின் இரு பாதிகளை இருவரும் எட்டு ஆண்டு தனித்தனியே வைத்திருந்திருக்கிறார்கள்.

அந்தத் தாயார் இன்னும் திரும்பவில்லை. வீட்டிற்கு யன்னற் கதவுகள் போடவேண்டும். பூச்சு வேலையும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்பொழுது வெள்ளிக்கிழமை இரவுகளில் தாயும் மகளும் அதிக நேரம் பேசுகிறார்களாம். அம்மம்மா என்னைச் சந்தையிற் கண்டபொழுது இதனைச் சொன்னார். ‘என்னதான் இவ்வளவு கதைக்கிறாகளோ தெரியா, சேர். ஒண்டும் நடக்காத கதையாத்தான் கதைக்கிறாக’ என்றார்.